'மறுபடியும் பருப்பா?'

கேள்வி: எங்கள் வீட்டில் ஐந்து பேர். நான், கணவர், 14 வயதில் மகன், 9 வயதில் மகள், மாமியார். இரண்டு சம்பளம் வந்த வீட்டில் நான்கு மாதமாக ஒரு சம்பளம்தான். இனி மூன்று வேளையும் வீட்டுச் சமையல் என்று முடிவு செய்தேன். மலிவாக வரும் காய்களை மொத்தமாக வாங்குகிறேன், எண்ணெயைக் குறைத்துவிட்டேன், வாரத்தில் ஐந்து நாள் பருப்பு வைக்கிறேன். முன்பெல்லாம் என் சமையலை எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். இப்போது மகன் தட்டைப் பார்த்ததுமே "மறுபடியும் பருப்பா?" என்கிறான். கணவர் வாய் திறப்பதில்லை, ஆனால் வெளியே எதையாவது சாப்பிட்டுவிட்டு வருகிறார். மாமியாருக்கு ரத்த அழுத்தம், மெல்லவும் முடியாது. மாதக் கடைசியில் கணக்குப் பார்த்தால் செலவு பெரிதாகக் குறையவில்லை. செலவில்லாமல், சாப்பிட்டால் மனசு நிறைகிற மாதிரி ஒரு பத்துச் சமையல் குறிப்பு கொடுங்களேன்.

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

பத்துக் குறிப்பு எழுதித் தர எனக்கு அரைமணி நேரம் போதும். ஆனால் அது உங்களுக்குப் பயன்படாது. குறிப்பு வேண்டியது சமைக்கத் தெரியாதவருக்கு. உங்களுக்குத் தெரியும். நான்கு மாதத்துக்கு முன்புவரை அந்த வீடே உங்கள் கையால் சாப்பிட்டு நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறது. கை அதே கைதான். வேறு எது மாறியது என்று பார்ப்போம்.

நான் இருபது வருடத்துக்கு மேல் மாணவர் விடுதிகளில் சமைத்தவன். இப்போது வீட்டுச் சமையல் கற்றுக்கொடுக்கிறேன். விடுதிச் சமையல் என்றால் அளந்து கொடுத்த பணம், பொல்லாத பசி, அதைவிடப் பொல்லாத நாக்கு. பசி ருசி அறியாது என்று ஒரு பழமொழி உண்டு. அதைச் சொன்னவர் 14 வயதுப் பையன் யாருக்கும் பரிமாறியிருக்க மாட்டார்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பணம் குறைந்ததும் எண்ணெயைக் குறைத்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கடுத்து என்ன குறைந்திருக்கும் என்று என்னால் ஊகிக்க முடியும், ஏனென்றால் எல்லா வீட்டிலும் அதே வரிசைதான். நான்கு வெங்காயம் போட்ட இடத்தில் ஒன்று. அப்புறம், கேஸ் தீர்ந்துவிடுமே என்று அடுப்பில் நிற்கிற நேரம். எல்லாவற்றையும் ஒன்றாகக் குக்கருக்குள் போட்டு, விசில் வந்ததும் இறக்கி, உப்பு பார்த்து, தட்டில் ஊற்றுவது. நான் சொல்வது தவறாக இருந்தால் சிரித்துவிட்டு மேலே படியுங்கள். சரியாக இருந்தால், உங்கள் மகனின் புகார் பருப்பைப் பற்றியது இல்லை. நேற்றைய மணம், நேற்றைய பதம், நேற்றைய நிறம் இன்றைக்கும் தட்டில் இருப்பதைப் பற்றியது. வாரத்தில் ஐந்து நாள் என்ன, ஆறு நாளும் பருப்பு வைக்கலாம். விடுதியில் வைத்திருக்கிறோம்.

வெங்காயத்திலிருந்து ஆரம்பிக்கிறேன்.

வெங்காயத்தில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். அந்தத் தண்ணீர் வற்றும்வரை வெங்காயத்தின் சூடு 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. பழுப்பு நிறமும் அதோடு வரும் மணமும் மளமளவென்று பிறக்க ஏறத்தாழ 140 டிகிரி வேண்டும். பொருளில் உள்ள சர்க்கரையும், புரதத்தின் சிறு கூறுகளான அமினோ அமிலங்களும் சூட்டில் சேர்ந்து இப்படி நிறம் மாறுவதை 1912-ல் பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீல் மையார் விவரித்தார். சுட்ட ரொட்டியின் மேல்தோல், வறுத்த காப்பிக்கொட்டை, வறுத்த இறைச்சி எல்லாவற்றின் மணத்துக்கும் பின்னால் இந்த மாற்றம் இருக்கிறது. நீங்கள் ஒரு வெங்காயத்தை நான்கு நிமிடம் வதக்கி, கண்ணாடிப் பதத்தில் தண்ணீர் ஊற்றிவிட்டால், அந்த மாற்றம் தொடங்குவதற்கு முன்பே அணைத்துவிட்டீர்கள். வெங்காயத்துக்குக் கொடுத்த காசில் பாதி அங்கேயே போய்விட்டது.

சமையல் புத்தகங்களில் 'பொன்னிறமாகும்வரை 5 நிமிடம் வதக்கவும்' என்று எழுதியிருக்கும். எழுதியவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. உண்மையான நேரம் முப்பது நிமிடத்துக்கு மேல். தினம் அப்படிச் செய்தால் கேஸும் தீரும், நீங்களும் தீர்ந்துபோவீர்கள். அதனால் வாரத்துக்கு ஒரு தடவை செய்யுங்கள். 1 கிலோ வெங்காயத்தை மெல்லியதாக அரிந்து, அடிகனமான அகலப் பாத்திரத்தில் 4 மேசைக்கரண்டி எண்ணெய் காயவைத்து, வெங்காயத்தைப் போட்டு அரைத் தேக்கரண்டி உப்பு தூவுங்கள். உப்பு உள்ளிருக்கும் தண்ணீரை வெளியே இழுக்கும். மிதமான தீ.

இனிமேல் காதுதான் வேலை செய்யவேண்டும். முதல் பத்து நிமிடம் சளசளவென்று ஒரு சத்தம். அது தண்ணீர் போகிற சத்தம். மலை மாதிரி இருந்தது பாதியாக அமுங்கும். பிறகு சத்தம் சன்னமாகி, எண்ணெய் பேசுகிற மாதிரி சிர்ர் என்று மாறும். அந்த இடத்தில் தீயைக் குறையுங்கள். ஓரங்களில் வைக்கோல் நிறம் வரும், பிறகு தேன் நிறம். பாத்திரத்தின் அடியில் பழுப்பாக ஒரு படலம் ஒட்ட ஆரம்பிக்கும். இங்கேதான் பலரும் பதறி எண்ணெய் ஊற்றுகிறார்கள். வேண்டாம். இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்து மரக்கரண்டியால் சுரண்டுங்கள். அந்தப் படலம் கரைந்து வெங்காயத்திலேயே ஏறிவிடும். இப்படி மூன்று நான்கு தடவை. கடைசியில் ஒரு கிலோ வெங்காயம் ஒரு கிண்ணத்தில் அடங்குகிற விழுதாக, பழுத்த பேரீச்சம்பழ நிறத்தில் நிற்கும். ஒரு துளி எடுத்து நாக்கில் வையுங்கள். சர்க்கரையே போடாமல் எங்கிருந்து இந்த இனிப்பு என்று கேட்பீர்கள்.

நான்கு நாளுக்கு வேண்டியதை மூடிபோட்ட டப்பாவில் ஃபிரிட்ஜில் வையுங்கள். மிச்சத்தை ஐஸ் தட்டின் குழிகளில் அடைத்து ஃபிரீசரில் போட்டுவிடலாம். ஒரு பாத்திரம் பருப்புக்கு இரண்டு மேசைக்கரண்டி போதும். தினம் அரைகுறையாக வதக்கிய ஒரு வெங்காயம் செய்யாததை இந்த இரண்டு கரண்டி செய்யும். கேஸ் கணக்கும் உங்களுக்குச் சாதகமாகவே வரும்.

அடுத்தது பருப்பு. இதில் நான் பட்ட அவமானத்தைச் சொல்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். அறுபது பேருக்கு முழு உளுந்தும் கொண்டைக்கடலையும் கலந்து ஒரு குழம்பு வைக்கச் சொன்னார்கள். நேரத்தை மிச்சம் பிடிக்கிற கெட்டிக்காரத்தனத்தில் தக்காளி, உப்பு, எலுமிச்சைச் சாறு எல்லாவற்றையும் முதலிலேயே அண்டாவில் கொட்டிவிட்டேன். ஒரு மணி நேரம் ஆயிற்று. இரண்டு மணி நேரம் ஆயிற்று. குழம்பு மணக்கிறது, பயறு மட்டும் கல்லு மாதிரி. வெளியே தட்டுச் சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டது. மாஸ்டர் வந்தார். திட்டவில்லை. கரண்டியில் ஒரு கடலையை எடுத்து, ஊதி, என் உள்ளங்கையில் வைத்து, "நசுக்கு" என்றார். நசுங்கவில்லை. அவர் திரும்பிப் போய்விட்டார். அன்றைக்கு அறுபது பேரும் ரொட்டியும் குழம்புத் தண்ணீருமாகச் சாப்பிட்டார்கள்.

காரணம் சின்னது. பயறின் செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டின் கரைந்தால்தான் அது மசியும். புளிப்பு இருக்கும் தண்ணீரில் பெக்டின் லேசில் கரையாது. கால்சியம் அதிகமுள்ள கடினத் தண்ணீரிலும் அப்படித்தான். ஆக, தக்காளி, எலுமிச்சை, தயிர் எதுவானாலும் பருப்பு விரலில் நசுங்கிய பிறகு. உப்பு அன்றைக்குக் குற்றவாளி இல்லை. ஊறவைக்கிற தண்ணீரில் கொஞ்சம் உப்பு போட்டால் முழுப்பயறு இன்னும் மெதுவாகத்தான் வேகும் என்று சிலர் சொல்வார்கள். உண்மை நேர்மாறு, தோல் சீக்கிரம் மெத்தென்று ஆகும். உங்கள் ஊர்த் தண்ணீர் கடினமானது என்றால் ஒரு சிட்டிகை சமையல் சோடா சேர்க்கலாம். சிட்டிகை என்றால் சிட்டிகைதான். கூடினால் சோப்பு வாடை வரும், பி1 வைட்டமினும் அழியும். எவ்வளவு வேகவைத்தாலும் வேகாத பயறு பெரும்பாலும் பழையது. மலிவாக வருகிறதே என்று வருடக்கணக்கில் கிடந்த மூட்டையை வாங்கினால் மிச்சம் பிடித்த காசு கேஸில் போய்விடும்.

உடைத்த பருப்புக்கு அரைமணி நேர ஊறல் போதும். முழுப்பயறுக்கு ஓர் இரவு. குக்கர் இருந்தால் தாராளமாகப் பயன்படுத்துங்கள். நான் குக்கருக்கு எதிரி இல்லை, எல்லாவற்றையும் அதற்குள் ஒரே நேரத்தில் தள்ளுவதற்குத்தான் எதிரி. அழுத்தத்தில் தண்ணீர் ஏறத்தாழ 120 டிகிரியில் கொதிக்கும், அதனால் நேரம் பாதிக்கும் கீழே இறங்கும். 1679-ல் டெனிஸ் பாப்பின் என்ற பிரெஞ்சுக்காரர் இதற்கு முன்னோடியான பாத்திரத்தைச் செய்தபோது, எலும்பையே மெத்தென்று ஆக்கலாம் என்றுதான் காட்டினார். ஏழைகள் வாங்கக்கூடிய கழிவு எலும்பிலிருந்து சத்து எடுப்பதும் அவர் மனதில் இருந்தது. உங்கள் சமையலறை மேடையில் இருப்பது பட்ஜெட் சமையலுக்காகவே பிறந்த பாத்திரம்.

ஒன்றில் மட்டும் விளையாட வேண்டாம். ராஜ்மா என்கிற சிவப்பு பீன்ஸை அரைவேக்காடாகச் சாப்பிட்டால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். அதிலுள்ள லெக்டின் என்ற ஒரு வகைப் புரதம் அதற்குக் காரணம். குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் நன்றாகத் தளதளவென்று 30 நிமிடம் கொதிக்கவிடுங்கள், அல்லது குக்கரில் வையுங்கள். கொதிநிலைக்கே வராத சிறு சூட்டில் மணிக்கணக்காக வைப்பதுதான் ஆபத்து.

சரி, சமைக்கலாம். ஐந்து பேருக்கு 300 கிராம் அரிசி, 150 கிராம் உடைத்த பருப்பு. இரண்டையும் சேர்த்துக் களைந்து அரைமணி நேரம் ஊறவையுங்கள். இரண்டேகால் லிட்டர் தண்ணீர், ஒரு துண்டு இஞ்சி நசுக்கியது, நான்கு பல் பூண்டு, கொஞ்சம் மஞ்சள்தூள். கொதி வந்ததும் தீயைக் குறைத்து, சாய்த்து மூடி, அவ்வப்போது அடியைத் தொட்டுக் கிளறிக்கொண்டே முப்பத்தைந்து நிமிடம். அரிசியும் பருப்பும் எது எது என்று தெரியாத அளவுக்குக் குழைந்ததும், தயாராக வைத்திருக்கும் வெங்காய விழுதில் இரண்டு மேசைக்கரண்டி, உப்பு. கரண்டியைத் தூக்கினால் வழிந்து விழவேண்டும், நிற்கக்கூடாது. கெட்டியாகிவிட்டால் வெந்நீர் ஊற்றுங்கள், பச்சைத்தண்ணீர் வேண்டாம்.

இதுவரைக்கும் செய்தது படுக்கையில் இருப்பவருக்குக் கொடுக்கிற கஞ்சி. இதை உங்கள் மகன் தட்டில் ஊற்றினால் பழைய கேள்விதான் வரும். மீதிக் கதை தாளிப்பில் இருக்கிறது. சின்ன வாணலியில் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய். ஆமாம், முழுசாக இரண்டு. பூண்டு, சீரகம், மிளகு இவற்றின் மணப்பொருள்களில் பல தண்ணீரில் கரையாதவை, எண்ணெயில் கரைபவை. எண்ணெயைக் குறைத்தபோது மணத்துக்கு வண்டியை நிறுத்திவிட்டீர்கள். சமைக்கும்போது பாத்திரம் முழுக்க எண்ணெய் ஊற்றுவதில் அர்த்தமில்லை. அதே எண்ணெயைக் கடைசியில், கண்ணுக்கும் மூக்கிற்கும் முன்னால் ஊற்றுங்கள். ஆறு பல் பூண்டை மெல்லிய வட்டமாக அரிந்து, காயாத எண்ணெயிலேயே போட்டு, சிறு தீயில் வைக்கவேண்டும். குமிழி அடங்கி, வட்டங்கள் வைக்கோல் நிறம் வந்ததும் அடுப்பை அணைத்துவிடுங்கள். எண்ணெயின் சூட்டிலேயே அது பொன்னிறத்துக்குப் போய்ச் சேரும். அடுப்பிலேயே பொன்னிறம் பார்த்தால் தட்டுக்கு வரும்போது கசந்துவிடும். அணைத்த எண்ணெயில் ஒரு தேக்கரண்டி சீரகம், இடித்த மிளகு. சீரகம் படபடத்ததும் அப்படியே கஞ்சியின் மேல் ஊற்றுங்கள். கிளறாதீர்கள். சாப்பாட்டு மேசைக்கு வரும்போது அந்த எண்ணெய் மேலே வட்டமிட்டபடி வரவேண்டும். கடைசியாக அரை மூடி எலுமிச்சை, அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு.

அதோடு கடிக்க ஏதாவது ஒன்று. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பட்ஜெட் சமையலில் எல்லோரும் மறப்பது பதம். குழைவாக ஒரு தட்டு முழுக்க இருந்தால் நாலாவது வாயிலேயே நாக்கு தூங்கிவிடும். காய்ந்துபோன ரொட்டித் துண்டுகளைச் சதுரமாக வெட்டி வறுத்துப் போடலாம், வறுத்த நிலக்கடலையைத் தூவலாம், நீளநீளமாக அரிந்து வறுத்த உருளைக்கிழங்கு ஆளுக்கு ஒரு கைப்பிடி வைக்கலாம். மெத்தென்று இருப்பதன் பக்கத்தில் மொறுமொறுவென்று ஒன்று இருந்தால்தான் மெத்தென்று இருப்பதே தெரியும்.

சத்து விஷயத்தில் கவலைப்படாதீர்கள். உலர்ந்த பருப்பில் நான்கில் ஒரு பங்கு அல்லது சற்றுக் குறைவாகப் புரதம். அரிசியில் குறைவாக உள்ள லைசின் என்ற அமினோ அமிலம் பருப்பில் நிறைய. பருப்பில் குறையும் மெத்தியோனைன் என்ற இன்னொரு அமினோ அமிலம் அரிசியில் இருக்கிறது. எலுமிச்சையின் வைட்டமின் சி, பருப்பில் உள்ள இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ள உதவும். வாரத்தில் இரண்டு மூன்று நாள் ஆளுக்கு ஒரு முட்டை சேர்த்தால் வளரும் பிள்ளைகளுக்கு நல்லது.

இனி அடுத்த நாள். பருப்பை மட்டும் தனியாக இரண்டு நாளுக்குச் சேர்த்து வேகவைத்துவிடுங்கள். ஒரு நாள் அதை நீர்க்கக் கரைத்து, உருளைக்கிழங்குத் துண்டுகள், வெங்காய விழுது, நிறைய மிளகு சேர்த்துக் கொதிக்கவைத்துச் சூப் மாதிரி, வறுத்த ரொட்டியோடு. மறுநாள் மிச்சப் பருப்பை வாணலியில் தண்ணீர் சுண்டும்வரை கிளறி, வேகவைத்து மசித்த உருளைக்கிழங்கு, பொடித்த ரொட்டித்தூள், உப்பு, காரம் சேர்த்து வடைக்குத் தட்டுவதுபோலத் தட்டி, தோசைக்கல்லில் கொஞ்சம் எண்ணெயில் இரண்டு பக்கமும் சிவக்கவிடுங்கள். கலவை கையில் ஒட்டினால் அரைமணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுத் தட்டுங்கள், உடையாது. ஒன்பது வயதுப் பிள்ளை இதைப் பருப்பு என்று கண்டுபிடிக்கும் என்றால் நீங்கள் அவளை ஏதாவது போட்டிக்கு அனுப்பலாம்.

இன்னொரு நாள் பருப்பே வேண்டாம். வெங்காய விழுதோடு ஐந்தாறு தக்காளியை நறுக்கிப் போட்டு, எண்ணெய் பிரிந்து நிறம் கருஞ்சிவப்பாகும்வரை சுண்டவிடுங்கள். தக்காளியில் குளூட்டமேட் இருக்கிறது. 1908-ல் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகேடா கடற்பாசிச் சாற்றில் கண்டுபிடித்து 'உமாமி' என்று பெயரிட்ட சுவைக்குக் காரணமான பொருள் அதுதான். சுண்டச்சுண்ட அது செறிவாகும். சாறு கெட்டியானதும் கரண்டியால் ஐந்து குழி பறித்து, குழிக்கு ஒரு முட்டை உடைத்து ஊற்றி, மூடி, சிறு தீயில் ஆறு ஏழு நிமிடம். பாத்திரத்தோடு மேசையில் வையுங்கள். ஒரே பாத்திரத்தில் எல்லோரும் பங்குபோடுவதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது, அதற்குக் கூடுதல் செலவில்லை.

இறைச்சி வாங்குவதாக இருந்தால் ஒரே வரி: விலை குறைந்த, நார் நிறைந்த துண்டும் எலும்பும் வாங்கி மெதுவாக வேகவையுங்கள், அதிலுள்ள கொலாஜன் என்ற நார்ப்புரதம் ஜெலட்டினாகி சாறு வழுவழுவென்று ஆகும், கால் கிலோவை ஒரு பாத்திரம் பயறோடு சேர்த்தால் ஐந்து பேருக்கும் அந்த ருசி போய்ச் சேரும்.

உங்கள் மாமியார் விஷயம். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று அவரே உங்களிடம் சொல்லியிருப்பார். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு, அது பெரியவர்கள் எல்லோருக்கும். சமைக்கும்போது பாதி உப்பு மட்டும் போடுங்கள். அவர் பங்கைத் தனியாக எடுத்துவிட்டு, மீதிக்கு மறுபாதி. அவர் கிண்ணத்தில் எலுமிச்சையும் பூண்டு எண்ணெயும் ஒரு சொட்டு கூட. புளிப்பும் மணமும் ஏறினால் உப்புக் குறைவு அவ்வளவாகத் தெரியாது. மருத்துவர் அவருக்குத் தனியாக ஏதாவது அளவு சொல்லியிருந்தால் அதுவே முதல். பொரித்த பூண்டு வட்டங்களை மட்டும் எடுத்துவிடுங்கள், பல் இல்லாதவர்களுக்கு அது எரிச்சல்.

செலவு பெரிதாகக் குறையவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். காயை மொத்தமாக வாங்குகிறேன் என்று எழுதிய வரியிலேயே பதில் இருப்பதாக எனக்குப் படுகிறது. மொத்தமாக வாங்கினால் மிச்சம் என்பது பருப்பு, அரிசி, வெங்காயம், உருளைக்கிழங்குக்குச் சரி. கீரைக்கும் தக்காளிக்கும் சரிவராது. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் கணக்குப்படி 2022-ல் உலகம் முழுக்கக் கடைகளிலும் உணவகங்களிலும் வீடுகளிலும் சேர்ந்து 105 கோடி டன் உணவு குப்பைக்குப் போயிருக்கிறது. அதில் ஏறத்தாழ 60 சதவீதம் வீடுகளில். கல்யாண மண்டபத்தையும் ஹோட்டலையும் நாம் குறை சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

ஒரு வாரத்துக்கு மட்டும் ஒரு வேலை செய்யுங்கள். குப்பைக்கூடைக்கு மேலே சுவரில் ஒரு தாள் ஒட்டி, பக்கத்தில் பென்சிலைக் கட்டித் தொங்கவிடுங்கள். எதைக் கொட்டினாலும் எழுதவேண்டும்: அரைக் கட்டுக் கீரை, இரண்டு தக்காளி, ஒரு கிண்ணம் சோறு, மகன் தட்டில் வைத்த மிச்சம். காரணம் எழுதவேண்டாம், யார் என்றும் எழுதவேண்டாம். அது பஞ்சாயத்தாக ஆகிவிடும். வாரக் கடைசியில் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த வாரப் பட்டியலை எழுதினால், எதை வாங்கக்கூடாது என்று அதுவே சொல்லும். கீரையும் தக்காளியும் இரண்டு நாளுக்கு வேண்டியது மட்டும். வாடத் தொடங்கிய காயெல்லாம் அந்தப் பருப்புச் சூப்புக்குள் போகட்டும். வேறெதற்கும் ஆகாத கேரட்டின் வால்கூட அங்கே மரியாதையோடு முடியும்.

மிச்சத்தைக் காப்பாற்றுகிறேன் என்று ஆபத்தில் மாட்டிக்கொள்ளவும் வேண்டாம். சமைத்த சோறையும் பருப்பையும் இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். பெரிய பாத்திரத்தோடு வைத்தால் நடுவில் சூடு நிற்கும், அகலமான தட்டில் பரப்பி ஆறவைத்து டப்பாவுக்கு மாற்றுங்கள். அரிசியில் இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் கிருமியின் வித்துகள் வேகவைத்தாலும் சாகாது. வெதுவெதுப்பில் மணிக்கணக்காகக் கிடந்தால் அது பெருகி நஞ்சு உண்டாக்கும், அந்த நஞ்சு மறுபடி சூடுபண்ணினாலும் போகாது. ஃபிரிட்ஜில் வைத்ததை மூன்று நாளுக்குள், ஆவி பறக்கச் சூடாக்கி, ஒரே தடவை. ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பதை அன்றைக்கே சொல்லிவைத்தார்கள், ஃபிரிட்ஜ் வருவதற்கு முன்பே.

கணவரைப் பற்றி. அவர் வெளியே சாப்பிட்டுவிட்டு வருவதை நீங்கள் உங்கள் சமையலுக்கு விழுந்த அடியாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று எழுத்திலேயே தெரிகிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. குறைந்த சம்பளத்தைப் பற்றிப் பேச வாய் வராதவர்கள் இப்படி எதையாவது செய்வார்கள். அதைப் பேசித் தீர்ப்பது என் தொழில் இல்லை. ஆனால் வெங்காயத்துக்கு முன்னால் நாற்பது நிமிடம் நிற்க ஒருவர் வேண்டும், அது நீங்களாகத்தான் இருக்கவேண்டும் என்று எங்கும் எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமை கரண்டியை அவர் கையில் கொடுத்து, சத்தம் மாறினால் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு நீங்கள் போய் உட்காருங்கள். தாளிப்பு உங்கள் மகனுக்கு. பூண்டு கருகாமல் அடுப்பை அணைப்பது ஒரு பந்தயம் மாதிரி. அந்த வயதுக்குப் பிடிக்கும். முதல் தடவை கருக்குவான். கருகிய பூண்டைத் தாளில் எழுதிவிட்டு மறுபடி அரியச் சொல்லுங்கள்.

நான் கேட்பது இரண்டே விவரம். ஒரு கிலோ வெங்காயம் தேன் நிறத்துக்கு வர உங்கள் அடுப்பில் எத்தனை நிமிடம் ஆயிற்று, கூடைக்கு மேலே ஒட்டிய தாளில் எந்தப் பொருள் அதிகத் தடவை வந்தது. இந்த இரண்டையும் எழுதி அனுப்புங்கள். அடுத்த மாதப் பட்டியலை அதை வைத்துப் போடலாம்.